கடலாக அறிவிக்கப்பட்டவர்

பள்ளி வேன் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஒரு சாதாரண வேலைநாளின் மத்தியானத்தில், முறைப்படி கூடிய குழு ஒன்றினால் கடலாக அறிவிக்கப்பட்டார். அலையடிக்கிற கடல் என்றாலாவது மனசைத் தேற்றிக்கொண்டிருப்பார். உறைந்த கடல் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த மனிதர் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. வேன் சாவியைத் திருப்பும்போது ஆரம்பிக்கிற பேச்சு, இன்ஜின் அணைந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரரிடம் பேசுவார். பச்சை விழுந்து அவர் போய்விட்டால், மீதியைப் பின்னால் வந்து நிற்பவரிடம் சொல்லி முடிப்பார். பல் மருத்துவர் வாய்க்குள் கருவியை வைத்துக் குடைந்துகொண்டிருந்தபோதும் டயர் விலையைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றார். தூக்கத்திலும் பேச்சுதான், நடுவில் நிறுத்தி, "என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்று கேட்பாராம். வேனில் போகிற பிள்ளைகள் அவருக்கு ரேடியோ மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். நாளடைவில் மாமா உதிர்ந்து, பெரியவர்களுக்கும் அவர் ரேடியோ ஆகிவிட்டார்.

அவருடைய மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து கதை எழுதுவார். எல்லாம் வேற்றுக் கிரகக் கதைகள். அவற்றில் ஒன்றுதான் இவ்வளவுக்கும் காரணம்.

தூரத்துக் கிரகம் ஒன்றில் இறங்கிய விண்கலம் பழுதாகிவிடுகிறது. அதில் வந்தவர்கள் உறைந்துபோன கடலின்மேல் நடந்து மறுகரைக்குப் போகவேண்டும். போகிற வழியில், காலுக்குக் கீழே, பனிப்பாளத்துக்கு அடியில், விளக்கெரிகிற ஓர் ஊர் தெரிகிறது. மேலே இவர்கள் நடக்கிற சத்தம் கீழே இருப்பவர்களுக்கு இடியோசையாகக் கேட்கிறது. மழை வரப்போகிறது என்று நினைத்து, கொடியில் காயப்போட்ட துணிகளை ஓடி ஓடி எடுக்கிறார்கள்.

இந்தத் துணி எடுக்கிற இடம் ரேடியோவுக்கு உயிர். வேன் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பெற்றோருக்கு, பெட்ரோல் போடுகிறவருக்கு, எல்லோருக்கும் சொல்லிவிட்டார். "என் வீட்டுக்காரி எழுதினது" என்பதைக் கதைக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் சொல்வார்.

அந்த மாதிரிக் கதைகளைப் பிரசுரிக்க அந்த நகரத்தில் ஒரே இடம்தான் இருந்தது. சோதனை அறிவியல் புனைவின் அகநிலக் காட்சிகள் மற்றும் குறியீடுகளுக்கான உயர் ஆய்வு மையம். பெயர்ப்பலகை முன்வாசலில் ஆரம்பித்து, சுவரோடு சேர்ந்து திரும்பி, பக்கத்துச் சந்தில் நடந்து, 'மையம்' என்ற சொல் மட்டும் பின்பக்கம் குப்பைத்தொட்டிக்கு மேலே வந்து நிற்கும். சந்து வழியாக வருகிறவர்கள் குப்பைத்தொட்டியைத்தான் மையம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மையத்தின் விதி எளிமையானது. கதையில் வருகிற எந்தப் பொருளும் அந்தப் பொருளாக மட்டும் இருக்கக்கூடாது. முந்தின வருடம் ஒருவர் அனுப்பிய கதையில் ராக்கெட் ஒன்று வெறும் ராக்கெட்டாகவே இருந்துவிட்டது. குழு பலமுறை கூடித் தேடியும் அது வேறு எதுவாகவும் ஆகவில்லை. கதையைத் திருப்பி அனுப்பி, எழுதியவரை நல்ல மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கும்படி அன்போடு கேட்டுக்கொண்டார்கள்.

மனைவி அனுப்பிய கதை திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக, பொருள்காண் அமர்வுக்குக் கணவரோடு வரவேண்டும் என்று போனில் சொன்னார்கள்.

"எதுக்கு என்னையும் கூப்பிடறாங்க?" என்றார் ரேடியோ. ஆனாலும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

மையத்தின் உள்கதவில் 'இது கதவு அல்ல' என்று எழுதியிருந்தது. இருவரும் வேறு கதவைத் தேடிக் கட்டிடத்தைச் சுற்றினார்கள். குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அங்கேயே நின்றார்கள். கடைசியில் ஒரு பெண் அலுவலர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"உள்ள வராம ஏன் நிக்கறீங்க?"

"கதவு இல்லைன்னு போட்டிருக்குதுங்களே," என்றார் ரேடியோ.

"படிச்சதை அப்படியே நம்பிட்டீங்களா?" என்று அவர் இரக்கத்தோடு பார்த்தார். அவர்தான் குறியீட்டு அலுவலர்.

ரேடியோவுக்கு அவசரமாகக் கழிப்பறை போகவேண்டியிருந்தது. இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் 'வெற்றிடம்' என்றும் மற்றதில் 'ஏக்கம்' என்றும் எழுதியிருந்தது. ஆண்களுக்கு எது என்று அவருக்குத் தெரியவில்லை. யாராவது போய் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றார். மையத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எதிரிலிருந்த பேக்கரிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவரும் அங்கேயே போனார்.

அமர்வு தொடங்கியது. மையத்தின் தலைவர் எழுந்தார். ஒரு கதையின் தலைப்பைப் பற்றி மட்டுமே தடியான ஒரு புத்தகம் எழுதிப் புகழ் பெற்றவர் அவர். கதையைப் பற்றி எழுத அவருக்கு நேரம் இருக்கவில்லை.

"நண்பர்களே, கதை என்பது எழுதுகிறவருக்குத் தெரியாமல் அவருக்குள் நடக்கிற சம்பவம். ஆகவே எழுதியவரைக் கேட்டுப் பயனில்லை. சரி, வாசகரைக் கேட்கலாமா என்றால் அவர் கதையை ரசித்துத் தொலைத்துவிடுகிறார். ரசித்தவரின் சாட்சியம் செல்லாது. எழுதவும் தெரியாத, ரசிக்கவும் மறுக்கிற நடுநிலையாளர்கள் இந்தச் சமூகத்துக்குத் தேவை. அந்தத் தகுதியை நாம் கடும் உழைப்பால் அடைந்திருக்கிறோம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு குறியீட்டு அலுவலர் தீர்ப்பை வாசித்தார். கதையில் வருகிற உறைந்த கடல் ஆசிரியரின் கணவர். அதன்மேல் நடப்பது திருமணம். மறுகரை என்பது விடுதலை. பனிக்கு அடியில் தெரியும் ஊர் பற்றிய பகுதி தேவையற்ற விவரணை என்பதால் குழு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"கணவர் வந்திருக்காரா?" என்று கேட்டார் தலைவர்.

"நான்தாங்க," என்று ரேடியோ எழுந்தார்.

அறையில் இருந்தவர்கள் அனைவரும் திரும்பி, துக்க வீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"எத்தனை வருஷமா இப்படி இருக்கீங்க?" என்றார் குறியீட்டு அலுவலர்.

"எப்படிங்க?"

"உறைஞ்சு."

"மேடம், நான் நிறையப் பேசறவன். யாரை வேணா கேட்டுப் பாருங்க. என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. போன வாரம்கூட ஒரு அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, குழந்தைக்குத் தலை வலிக்குதுன்னு..."

"ஓயாம பேசறது மௌனத்தோட முற்றின நிலை," என்றார் அலுவலர். பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"அப்ப பேசாம இருந்தா?"

"அது ஆரம்ப நிலை."

மனைவி எழுந்தார். "சார், அது அவர் இல்லை. கடல் சும்மா கடல்தான். மேல நடக்கணும்னா உறைஞ்சிருக்கணும் இல்லையா, அதுக்காகத்தான்..."

தலைவர் கனிவோடு கையை உயர்த்தினார். "எல்லா ஆசிரியர்களும் முதலில் மறுப்பார்கள். அந்த மறுப்பைத்தான் நாங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். இந்த ஆண்டின் சிறந்த அகநிலக் காட்சிக்கான விருது இந்தக் கதைக்கே."

மனைவி வாயைத் திறந்தார். விருது என்ற சொல் காதில் விழுந்திருந்தது. கதை அச்சில் வரும். கடையின் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதியதைப் பார்த்து யாரோ கைதட்டுகிறார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது ரேடியோ வேனைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நெஜமாவே நான் அப்படியா?"

"அவங்க எதையாவது சொல்லிட்டுப் போறாங்க. விடுங்க."

"நீ ஒரு தடவைதான் இல்லைன்னு சொன்னே. அப்புறம் சொல்லலியே."

அன்று வீடு வரும்வரை வேனில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இன்ஜினுக்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது.

ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டார். கோபமென்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொன்னார். சாப்பாடு போடவா என்றால் போடு என்றார், போதுமா என்றால் போதும் என்றார். முதல் இரண்டு நாள், உண்மையைச் சொன்னால், மனைவிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தலைவலி குறைந்தது. அதன்பிறகு வீட்டில் இருக்கிற மற்ற சத்தங்களெல்லாம் வெளியே வர ஆரம்பித்தன. குழாய் சொட்டுவது, மேல் வீட்டில் நாற்காலி இழுப்பது, கணவர் மெல்லுவது. ராத்திரி தூங்கும்போதுகூட அவர் பேசவில்லை. மனைவி விழித்துப் பார்த்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தார்.

வேனிலும் அதே கதைதான். பிள்ளைகள் முதலில் விளையாட்டு என்று நினைத்தார்கள். பிறகு அவர்களும் பேசாமல் வந்தார்கள். ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் சத்தமில்லாமல் வந்து இறங்குவதைப் பார்த்துப் பள்ளி வாசலில் இருந்த காவலாளி பயந்து போய், மேலிடத்தில் தகவல் சொன்னார்.

விருதுச் செய்தி பேப்பரில் வந்தது. மையம் கொடுத்த குறிப்பு அப்படியே: 'கணவரின் உறைநிலையை விண்வெளியில் வரைந்த பெண்.' அன்று காலையிலேயே மனைவியின் அம்மா போனில் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் பேச்சுக்குப் பயந்து, அவர் வேனெடுத்துப் போன நேரமாகப் பார்த்தே இத்தனை வருடம் போன் செய்தவர் அவர்.

"என்னடி இது, மாப்பிள்ளை உன்னை என்ன பண்றார்? உறைஞ்சிட்டாராமே?"

"ஒண்ணுமில்லம்மா. கதை அது."

"கதைன்னா பேப்பர்ல எதுக்குப் போடறான்? போனை அவர்கிட்டக் குடு."

ரேடியோ வாங்கிக் காதில் வைத்தார். "சொல்லுங்க அத்தை."

மாமியார் காத்திருந்தார். இந்த இடத்துக்குப் பிறகு வழக்கமாக வேன், பிள்ளைகள், போக்குவரத்து நெரிசல், முட்டியில் வலி எல்லாம் வரிசையாக வரவேண்டும். எதுவும் வரவில்லை.

"மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் அத்தை."

"ஐயோ," என்று மாமியார் அழுதேவிட்டார்.

அடுத்த வாரம் நில ஆய்வுக்காக மையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். குறியீட்டு அலுவலரும் ஒரு புகைப்படக்காரரும். எழுத்தாளரின் அகநிலம் எந்த நிலத்திலிருந்து முளைத்தது என்று நேரில் பார்க்கவேண்டுமாம். செருப்புப் போடும் இடத்தைப் பார்த்து அலுவலர் நெடுமூச்சு விட்டார். ஜன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து, "கனமா இருக்கு," என்று அர்த்தத்தோடு சொன்னார். துவைத்தால் சரியாகிவிடும் என்றார் மனைவி.

சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்த அலுவலர் அப்படியே நின்றுவிட்டார். மேல்தட்டு முழுக்க வெள்ளையாகப் பனி கட்டிப் புடைத்திருந்தது.

"கடல்," என்றார் மெல்லிய குரலில்.

"கதவோரத்து ரப்பர் போயிடுச்சு மேடம். மாத்தணும் மாத்தணும்னு இருக்கோம்."

"தயவுசெஞ்சு மாத்திடாதீங்க."

கூடத்தில் ரேடியோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலர் அவரைப் பல கோணங்களில் படமெடுக்கச் சொன்னார்.

"மேடம், முன்னாடி இவர் நல்லாப் பேசிட்டிருந்தார்," என்றார் மனைவி. "நீங்க சொன்னப்புறம்தான் நிறுத்திட்டார்."

"அதுதான் விமர்சனத்தோட வெற்றி. நாங்க எடுத்துச் சொல்ற வரைக்கும், தான் உறைஞ்சிருக்கறதே அவருக்குத் தெரியலை பாருங்க."

"இதுக்கு என்ன பண்றது?"

"பண்றதா? விழா முடியற வரைக்கும் அவர் இப்படியே இருக்கறது நல்லது."

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து, ஃபிரிட்ஜை விழாக் கண்காட்சிக்கென்று தூக்கிக்கொண்டு போனார்கள். பால் கெட்டது. குழம்பு கெட்டது. ரேடியோ இதற்காவது நாலு வார்த்தை கத்துவார் என்று மனைவி எதிர்பார்த்தார். அவர் கெட்ட பாலை ஊற்றிவிட்டு, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

விழா நாளன்று மையத்தின் அரங்கம் நிறைந்திருந்தது. மேடையின் ஒரு பக்கம் தலைவரும் அலுவலர்களும். மறுபக்கம் மின் இணைப்புக் கொடுத்த நிலையில், கதவு திறந்தபடி, ஃபிரிட்ஜ். அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ரேடியோ. கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். பார்ப்பதற்கு முடிவெட்ட உட்கார்ந்தவர் போலிருந்தார். காலடியில் 'கடல். தொடாதீர்கள்' என்ற அட்டை.

தலைவர் பேசினார். "இந்த மையம் தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் ஒரு கதையைக்கூட வாசகர்களுக்குப் புரியும்படி விட்டதில்லை. இன்று அதற்கும் மேலே போயிருக்கிறோம். இதுவரை எழுத்தில் குறியீட்டைக் கண்டுபிடித்தோம். இப்போது ஒரு முழு மனிதரையே குறியீடாக மாற்றிக் காட்டியிருக்கிறோம். அவர் இனி இந்த மையத்தின் சொத்து."

கைதட்டல் அடங்கியதும் மனைவியை அழைத்தார்கள். என்ன பேசவேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் மைக்கின் முன் நின்று கணவரைப் பார்த்தார். துணிக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. நெற்றியில் வேர்வை. துடைத்துக்கொள்ள அவர் கையை வெளியே எடுக்கவில்லை. கடல் அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"நான் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறேன்," என்று ஆரம்பித்தார். "லென்ஸைத் துடைக்கறதுக்கு முன்னாடி வாயால ஊதுவோம். ஒருநாள் ஊதினப்போ வெள்ளையாப் படிஞ்சுது. அதுக்குக் கீழ ஒரு ஊர் இருந்தா எப்படி இருக்கும்னு தோணிச்சு. அவ்வளவுதான். கடல் அங்கேருந்து வந்தது. இவர்கிட்டேருந்து இல்லை."

தலைவர் புன்னகையோடு தலையசைத்தார்.

"இல்லைங்க சார், சிரிக்காதீங்க. அன்னைக்கே நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கணும். எனக்குப் பரிசு வேணும்னு இருந்துச்சு. அதனால வாயை மூடிக்கிட்டேன்."

குறியீட்டு அலுவலர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? வாயை மூடினது ஆசிரியர்! அப்படின்னா கடல் ஆசிரியரேதான்!"

"அப்போ கணவர்?" என்றார் இன்னொருவர்.

"விண்கலம்."

"பழுதான விண்கலமா?"

"பழுது தனி. அது மாமியார்."

குழு மேடையிலேயே அவசரமாகக் கூடியது. கடலை மாற்றினால் அட்டையை மாற்றவேண்டும், அட்டை அச்சடித்தாகிவிட்டது என்று ஒரு தரப்பு. அட்டையை இருவருக்கும் பொதுவாக நடுவில் வைக்கலாம் என்று இன்னொரு தரப்பு. அந்தக் கூச்சலுக்கு நடுவே ரேடியோ மனைவியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"அப்போ அது நான் இல்லையா?"

"நீங்க இல்லீங்க. நீங்க அந்தக் கடலா இருந்திருந்தா, பனிக்கு அடியில ஒருத்தராவது தூங்கியிருக்க முடியுமா?"

ரேடியோவின் முகத்தில் ஏதோ தளர்ந்தது. துணிக்குள்ளிருந்து கையை எடுத்து வேர்வையைத் துடைத்தார். பிறகு அரங்கத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தக் கதையில அவங்க துணி எடுக்கற இடம் யாராவது படிச்சீங்களா?"

முன்வரிசையில் ஒருவர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"அடடா," என்று ரேடியோ எழுந்தார். கழுத்தில் துணி தொங்க, மேடையின் ஓரத்துக்கு வந்து கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பனியில் நடப்பவர்களின் சத்தத்தைக் காலால் தட்டிக் காட்டினார். கீழே ஒரு வீட்டுக்காரம்மா வானத்தை அண்ணாந்து பார்த்து, "இப்பத்தானே காயப்போட்டேன்" என்று சலித்துக்கொள்வதைப் பேசிக் காட்டினார். வெள்ளைத் துணியையே கொடியிலிருந்து உருவுவதுபோல உருவினார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. பல வருடங்களாக அங்கே கூட்டங்களுக்கு வந்து கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தக் கட்டிடத்தில் ஒரு கதையைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"கதை சொல்வது நிகழ்ச்சி நிரலில் இல்லை!" என்று கத்திய தலைவர், மைக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தார்கள். ரேடியோவுக்கு அது தெரியவேயில்லை.

கதை முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் தலைவர் அறிவித்தார்: குறியீடு அனுமதியின்றிப் பேசியதாலும், பார்வையாளர்களுக்குக் கதை புரிந்துவிட்டதாலும், விருது ரத்து செய்யப்படுகிறது. கதை இனி எந்த வகையிலும் ஆய்வுக்கு உகந்ததல்ல.

மனைவிக்கு அழுகை வந்தது. கொஞ்ச நேரம்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள்.

தலைவர் ஓடிவந்தார். "அது மையத்தின் குறியீடு! எடுத்துச் செல்ல முடியாது!"

"குறியீட்டை நீங்களே வெச்சுக்கோங்க சார்," என்றார் ரேடியோ. "பொட்டி எங்களுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தண்ணி சொட்டுது."

பார்வையாளர்களில் சிலர் வந்து கை கொடுத்து வேனில் ஏற்றிவிட்டார்கள். வேன் கிளம்பியதுமே ரேடியோ ஆரம்பித்துவிட்டார். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் வரிசையில் நின்று வந்தது. பள்ளிக் காவலாளி, பேக்கரி, போர்த்தின துணியில் வந்த பூச்சி மருந்து வாசனை, அத்தை அழுதது. கடைசியில் கதைக்கு வந்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தக் கீழ இருக்கற ஊர்ல ஒரு வேன் ஓடுதுன்னு வெச்சுக்கயேன்."

"வேனெல்லாம் கிடையாது. அது என் கதை."

"ஒரே ஒரு வேன்."

"முடியாது."

"சின்ன வேன். ஓரமாப் போயிட்டுப் போகுது. இடி சத்தம் கேட்டதும் டிரைவர் தலையை வெளிய நீட்டி..."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, வேன் வரட்டும். ஆனா டிரைவர் பேச மாட்டார்."

"அதெப்படி?" என்று ஆரம்பித்தவர், வீடு வரும்வரை நிறுத்தவில்லை.